யார் அடைத்தது என்று கேட்கக் கூடாது

அந்தப் பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் தீர்ப்பதற்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, தலைமையாசிரியரின் பிரம்பு. இன்னொன்றும் அதே பிரம்புதான், அப்பாவை அழைத்து வரச் சொன்ன பிறகு. மூன்றாவதாக ஒரு வழி உண்டென்று, தஞ்சாவூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த இராஜாங்கம் சார் வந்து சொன்னார்.

அதற்குப் பெயர் சமரச மாணவர் பயிற்சி. சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை வேறு இரண்டு பிள்ளைகளே உட்காரவைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கலாம். மூக்கை நுழைக்கக் கூடாது. சார் கையோடு ஒரு நீலநிறக் கையேடும் கொண்டுவந்திருந்தார். டெல்லியில் யாரோ எழுதியதைச் சென்னையில் யாரோ தமிழாக்கியிருந்தார்கள். 'தரப்பினர் தம் உணர்வினை வெளிப்படுத்த ஏதுவாக நடுவர் இதமான சூழலை உண்டாக்குக' என்று அதில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு அஹமது கபீர் இதைப் படித்துவிட்டு, "அப்ப ஃபேன் போடணுமா சார்?" என்று கேட்டான்.

பயிற்சி சனிக்கிழமைகளில் நடந்தது. முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சுண்டல் கிடையாது என்று தெரிந்ததும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஆறாவது சனிக்கிழமை மிஞ்சியது கபீரும் செவ்வந்தியும்தான். அவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை ரிப்பன் கொடுக்கப்பட்டது.

செவ்வந்தியின் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாய் ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் வந்து சேர்ந்தாலும் சேரும், சேராமலும் போகும் என்கிற இடம். போன வருஷம் அங்கே பயிர் கருகியதும், திருவிடைமருதூருக்குப் பக்கத்திலிருந்த இந்த ஊருக்கு, அத்தை வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பிவிட்டார்கள். இங்கே தண்ணீர் வீட்டு வாசல்வரை வரும். பிள்ளைகள் அவளுக்குக் 'கடைமடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வருஷமாக அந்தப் பெயரோடுதான் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், அந்தப் பெயரோடுதான் சாப்பாட்டு வரிசையில் நின்றாள். பச்சை ரிப்பன் குத்திய நாளிலிருந்து அவளைச் செவ்வந்தி என்றே கூப்பிட்டார்கள். அதனால் அந்த ரிப்பனைத் தினமும் துவைத்து, தலையணைக்கு அடியில் வைத்து மடிப்புக் கலையாமல் எடுத்துக் குத்தினாள்.

அவளைப் பயிற்சிக்குச் சார் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அந்த ஊரில் மேலத்தெருவுக்கு நிலம், கீழத்தெருவுக்கு வேலை. பஸ் நிறுத்தத்தில் இரண்டு கழகக் கொடிகளும் மாறி மாறி உயரமாகப் பறக்கும். யார் ஆண்டாலும் நடவுக்கு முன்னால் கூலிச் சண்டை வராமல் இருந்ததில்லை. செங்கொடி அப்போதுதான் ஏறும். செவ்வந்தி எந்தத் தெருவுக்கும் உறவில்லாதவள். நடுவில் உட்கார இவளைவிட்டால் யார் என்று சார் நினைத்தார்.

பயிற்சியில் பொய்ச் சண்டை போட்டுப் பார்க்கச் சொன்னால், பிள்ளைகள் உடனே பெஞ்சுகளை மூன்று பக்கமாக இழுத்துப் போட்டுவிடுவார்கள். தாலுக்கா ஆபீசில் நடக்கிற முத்தரப்புப் பேச்சு அப்படித்தானே நடக்கிறது? கபீர் தாசில்தார் மாதிரி செருமுவான், கண்ணாடியைத் துடைப்பான், "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுங்கப்பா" என்பான். சார் தலையில் அடித்துக்கொள்வார். "தீர்ப்புச் சொல்லக் கூடாதுடா! யார் செஞ்சதுன்னு தோண்டக் கூடாது. என்ன நடந்துச்சு, உனக்கு எப்படி இருந்துச்சு, இனிமே என்ன வேணும். இந்த மூணுதான் கேக்கணும். உங்க சொந்தக் கதை அங்க வரவே கூடாது. நீங்க நடுவர், அவ்வளவுதான்."

செவ்வந்தி இதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

நிஜச் சண்டை ஆவணியில் வந்தது.

வேளாண் மன்றத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நாற்றங்கால் போட்டிருந்தார்கள். மேலத்தெரு தியாகராசன் வீட்டிலேயே விதை நெல்லை முளைகட்டி எடுத்து வந்தான். கீழத்தெரு வைரக்கண்ணு சேறடித்து, பலகையால் மட்டம் பார்த்தான். செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து தெளித்தார்கள். முளைவிட்ட விதையின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. அதனால் புதன்கிழமை மாலை தியாகராசன் வரப்பில் வடிகால் வாயைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனான். இராத்திரி மழை கொட்டியது. வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால் வடிகால் வாய் கெட்டியாக அடைபட்டிருந்தது. நாற்றங்கால் குளமாகி, விதையெல்லாம் மிதந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஊரிலும் சூடு ஏறியிருந்தது. வைரக்கண்ணுவின் அப்பா ஐயாவுதான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். கூலி பேசி முடிகிற வரை யாரும் சேற்றில் இறங்கக் கூடாது என்று அவர் சொல்லி எட்டு நாளாகியிருந்தது. தியாகராசன் வீட்டில் முளைகட்டிய விதை மூட்டையிலேயே வெம்பிப் போனது.

"அங்க உங்கப்பன், இங்க நீயா?" என்றான் தியாகராசன்.

வைரக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்தான். சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தார், இராஜாங்கம் சாரைப் பார்த்தார், மனமில்லாமல் கீழே வைத்தார். "உங்க சமரசம் என்ன கிழிக்குதுன்னு பாக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் மணி அடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் என் மேஜைக்கு வரணும். வரலைன்னா கை ஓங்கினவனுக்கு டி.சி." கை ஓங்கியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். டி.சி. கொடுத்துவிட்டால் வைரக்கண்ணுவை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாரும் மெனக்கெடப் போவதில்லை, வயலுக்குத்தான் போவான். அது அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடு பெஞ்சில் செவ்வந்தியும் கபீரும். இடப்பக்கம் தியாகராசன், கிழிந்த பையை வேண்டுமென்றே தைக்காமல் அதே சட்டையில் வந்திருந்தான். வலப்பக்கம் வைரக்கண்ணு. ஜன்னலுக்கு வெளியே சாரின் வழுக்கைத் தலை தெரிந்தது.

"என்ன நடந்துச்சு?" என்று கையேட்டில் உள்ளபடி கேட்டாள் செவ்வந்தி.

"புதன்கிழமை சாயங்காலம் நான் வடிகாலத் தொறந்து விட்டுட்டுப் போனேன். தண்ணி நல்லா ஓடிட்டிருந்துச்சு. காலைல பாத்தா அடைச்சிருக்கு. கடைசியா அங்க மண்வெட்டி கழுவுனது இவன்தான்" என்றான் தியாகராசன்.

செவ்வந்தியின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது.

புதன்கிழமை சாயங்காலம். கழிப்பறைப் பக்கம் போய்விட்டுக் குறுக்கே வந்தாள். வரப்பு ஓரம் ஏதோ சலசலத்தது. குனிந்து பார்த்தால் கைபோல் தடித்த தண்ணீர் வயலிலிருந்து சாக்கடையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. வயலில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சேற்றுக்குள் கிடக்கிற விதை கண்ணில் பட்டிருக்காது; அவள் ஊரில் தண்ணீரை நம்பி நாற்றுவிடுகிற வழக்கம் குறைந்துபோய்ப் பல வருஷமாகிறது. ஈரம் கண்டால் நேராக விதைத்துவிடுவார்கள். அங்கே முறைவைத்துத் திறக்கிற தண்ணீர் வரும் நாளில் சின்னப் பிள்ளைகளைக்கூட வரப்பில் நிறுத்துவார்கள். எங்கே கசிந்தாலும் மண் வைக்க வேண்டும். யார் வயல் என்று கேட்கிற பேச்சே கிடையாது. அவள் புல்லை வேரோடு பெயர்த்து வடிகால் வாயில் வைத்து, குதிகாலால் இரண்டு மிதி மிதித்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல காரியம் செய்ததாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தும்மல் வந்தால் தும்முவதுபோல் செய்தாள், மறந்தாள்.

இப்போது அது முழுவதும் ஒரே மூச்சில் ஞாபகத்துக்கு வந்தது.

"செவ்வந்தி, இப்ப அந்தப் பக்கம் கேளு" என்று கபீர் முழங்கையால் இடித்தான். பிறகு அவனே கேட்டான். "வைரக்கண்ணு, என்ன நடந்துச்சு?"

"நான் மண்வெட்டி கழுவிட்டுப் போனேன். வடிகாலு திறந்துதான் இருந்துச்சு. நான் தொடவே இல்ல. காலைல அடைப்பப் புடுங்குனதும் நான்தான். அது நம்ம பக்கத்து அடைப்பே இல்ல. இங்க எல்லாரும் மண்ணள்ளி அப்புவாங்க. அதுல புல்லு தலைகீழா இருந்துச்சு, வேரு மேல பாத்தாப்ல. குதிகாலு வச்சு மிதிச்ச தடம்..."

"அதெல்லாம் பேசக் கூடாது" என்று கபீர் அவசரமாகத் தடுத்தான். "யார் செஞ்சதுன்னு தோண்டக் கூடாது. பக்கம் பதினொண்ணு. உனக்கு எப்படி இருந்துச்சு, அதச் சொல்லு."

"எப்படி இருக்கும்? செய்யாததச் செஞ்சேன்னா எப்படிடா இருக்கும்?"

"கோபம்னு எழுதிக்கிறேன்" என்றான் கபீர்.

சொல்ல வேண்டும் என்று செவ்வந்திக்கு ஒரு பக்கம் தோன்றியது. சொந்தக் கதை வரவே கூடாது என்று அவளே அடிக்கோடு போட்டிருந்தாள். இது சொந்தக் கதையா, வழக்கா? நடுவர் வாயைத் திறக்காமல் இருப்பது விதியைக் காப்பதா, தன்னைக் காத்துக்கொள்வதா? கையேட்டைப் புரட்டினாள். நடுவருக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வது என்றுகூட ஒரு பக்கம் இருந்தது. நடுவரே செய்திருந்தால் என்ன செய்வது என்று எழுத அந்த டெல்லிக்காரருக்குத் தோன்றவில்லை. ரிப்பன் மார்பில் கனத்தது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கடைமடை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"உனக்கு இனிமே என்ன வேணும்?" என்று கபீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

"விதை திரும்பப் போடணும். சட்டைக்கு மன்னிப்புக் கேக்கணும்" என்றான் தியாகராசன்.

"சட்டையப் புடிச்சது தப்புதான், கேக்கறேன்" என்றான் வைரக்கண்ணு. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நான் அடைக்கலன்னு அந்தத் தாள்ல எழுதணும்."

"அத எழுத எடமில்ல. யாரு, யாரு இல்லன்னு எதுவும் வரக் கூடாது" என்றான் கபீர் பாவமாக.

"நான்தான் அடைச்சேன்" என்றாள் செவ்வந்தி.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஜன்னலில் வழுக்கைத் தலை அசைந்தது.

"நீயா? நீ எதுக்கு அடைக்கணும்?" என்றான் தியாகராசன்.

"தண்ணி ஓடுச்சு."

"ஓடுனா?"

"ஓடுச்சு. அதான் அடைச்சேன்."

தியாகராசன் வைரக்கண்ணுவைப் பார்த்தான். வைரக்கண்ணு தியாகராசனைப் பார்த்தான். இரண்டு நாளாக ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காதவர்கள் இதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக ஒருவர் அதை அடைப்பார் என்பது வாய்க்கால் தலைப்பில் பிறந்த அந்த இருவருக்கும் புரியவே இல்லை. தண்ணீர் என்றால் ஓடத்தானே செய்யும்?

"யாரு வயலுன்னு தெரியாமலா அடைச்சே?"

"எங்க ஊர்ல யாரு வயலுன்னு பாக்க மாட்டோம்."

"சும்மா இரு" என்றான் வைரக்கண்ணு. அவன் குரல் தழுதழுத்தது. "எனக்கு டி.சி. குடுத்துருவாங்கன்னு பாவம் பாக்கறியா? எனக்காக ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். பாவம் பாத்து வுடுறதவிட டி.சி.யே மேலு."

"பொய் இல்ல. நெசமா நான்தான்..."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு இராஜாங்கம் சார் உள்ளே வந்துவிட்டார். மூக்கை நுழைக்கக் கூடாது என்று அவரே சொன்னதெல்லாம் மறந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. "பாத்தீங்களாடா? பழியத் தன் தலைல போட்டுக்கிட்டாவது ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு நெனைக்கிறா. இதுதான்டா நடுவர்! தஞ்சாவூர்ல ரெண்டு நாள் உக்காந்தும் இத எனக்கு யாரும் சொல்லித் தரல."

"சார், நான் அடைச்சேன் சார்."

"புரியுதும்மா, புரியுது. உக்காரு."

உண்மையைச் சொன்னால் கோபிப்பார்கள், அடிப்பார்கள், ரிப்பனைப் பிடுங்குவார்கள் என்றெல்லாம் பயந்திருந்தாள். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இதற்கு மேல் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்தாள். தான் சொன்னது தன் காதுக்கே பொய்போலக் கேட்க ஆரம்பித்திருந்தது.

மணி நாலை நெருங்கியது. கபீர் தாளில் எழுதினான்: 'நடந்ததற்கு இருவரும் வருத்தம் தெரிவிக்கிறார்கள். விதை மீண்டும் தெளிக்கப்படும்.' தியாகராசன் கையெழுத்துப் போட்டான். வைரக்கண்ணு தாளை வெகுநேரம் பார்த்தான். வருத்தம் தெரிவிக்கிறார்கள் என்றால் செய்தான் என்றுதானே படிக்கிறவன் எடுத்துக்கொள்வான்? ஆனாலும் போட்டான். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. நடுவர் என்ற இடத்தில் செவ்வந்தியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாள்.

சாருக்கு ஒரே சந்தோஷம். கையோடு விதைத்துவிடுவோம் என்று எல்லோரையும் நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார். சார் முன்னாலேயே சொல்லிவைத்திருந்ததால், தியாகராசன் வீட்டிலிருந்து புதிதாக முளைகட்டிய விதை ஒரு கூடை வந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் வைரக்கண்ணு அடைப்பைப் பிடுங்கியும், மறுபடி பெய்த மழையில் வரப்பு சரிந்து, வாய் தூர்ந்து, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது.

"மொதல்ல தண்ணிய வடியுங்கடா" என்றார் சார்.

வைரக்கண்ணு மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டினான். தண்ணீர் சலசலவென்று சாக்கடைப் பக்கம் பாய்ந்தது. சார் கையேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்தச் செய்தியைத் தஞ்சாவூருக்கு எப்படி எழுதி அனுப்பலாம் என்று கபீரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வந்தி வரப்போரம் நின்றாள். கையெழுத்துப் போட்டது சரியா, தப்பா என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போடாமல் இருந்திருந்தால் வைரக்கண்ணுவுக்கு டி.சி. கிடைத்திருக்கும்; போட்டதால் அவன்தான் செய்தவன் என்று ஆகிவிட்டது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அவன்தான் நனைகிறான். காதில் தண்ணீர்ச் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏய்!" என்றான் வைரக்கண்ணு.

அவள் குனிந்திருந்தாள். வரப்புப் புல்லை ஒரு கொத்து வேரோடு பெயர்த்து, தலைகீழாகத் திருப்பி, வடிகால் வாயில் வைத்து அழுத்தி, குதிகாலால் ஒரு மிதி மிதித்திருந்தாள். இரண்டாவது மிதிக்குக் காலைத் தூக்கியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

சார் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது.

வைரக்கண்ணு உட்கார்ந்து அடைப்பைத் தொட்டுப் பார்த்தான். வேர் மேல்பக்கம் இருந்தது. குதிகால் தடம் பதிந்திருந்தது. "இதேதான்" என்றான். "இதேதான் நான் புடுங்குனது." அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவதா, அப்பாடா என்று மூச்சு விடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் அவன் முகத்தில் தெரிந்தது. "நெசமாவே நீதானா?"

"சொன்னேன்ல" என்றாள் செவ்வந்தி. அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

சார் கையேட்டைத் திறந்தார், மூடினார். "தாள் இந்நேரம் எச்.எம். மேஜைக்குப் போயிருக்கும். கையெழுத்தான ஒப்பந்தத்தத் திருத்தக் கூடாதுன்னு இதுல..."

"இன்னும் எங்கிட்டதான் இருக்கு சார்" என்றான் கபீர். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

தியாகராசன் அதை வாங்கிக்கொண்டான். பேனாவைக் கேட்டான். மண்வெட்டிக் காம்பின்மேல் தாளை வைத்து எழுத முடியாமல், குனிந்து தன் தொடைமேல் வைத்து எழுதினான். கிழிந்த பை தாளின்மேல் தொங்கி மறைத்தது. இன்னொரு கையால் அதை ஒதுக்கினான். எழுதியதைச் சத்தமாகப் படிக்கவில்லை. வைரக்கண்ணுவிடம் நீட்டினான். அதில் இருந்தது: 'வைரக்கண்ணு அடைக்கவில்லை. நான்தான் தப்பாகச் சொன்னேன்.' கீழே தியாகராசன் என்று மறுபடி ஒரு கையெழுத்து.

வைரக்கண்ணு இரண்டு முறை படித்தான். தாளைக் கபீரிடம் கொடுத்தான். "ஓடு, மணி அடிக்கப் போறாங்க."

கபீர் ஓடினான். சாரும் பின்னால் ஓடினார். கையேடு வரப்பிலேயே கிடந்தது.

செவ்வந்தி ரிப்பனைக் கழற்ற ஊக்கைத் தேடினாள். விரலெல்லாம் சேறாக இருந்ததால் ஊக்கு வழுக்கியது.

"அத எதுக்குக் கழட்டுற?" என்றான் வைரக்கண்ணு. "ரெண்டு தரம் சொன்ன. நாங்கதான் நம்பல. அத வுடு. மொதல்ல வடிகாலத் தொற, இந்த விதையும் நாறிடப் போவுது."

"நானா?"

"நீதான அடைச்சே?"

அவள் குனிந்து தன் கையாலேயே அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் சலசலவென்று ஓடிச் சாக்கடையில் விழுந்தது. எவ்வளவு தண்ணீர்! ஊரில் அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தாள். இரண்டு பையன்களும் விதைக் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசிச் சொட்டு வடிகிற வரைக்கும் செவ்வந்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.